காளைக்கன்றுக்குச் செய்வதும் கணவருக்குச் செய்வதும் ஒன்றா?

கேள்வி: "டாக்டரம்மாவுக்கு வணக்கம். பென்னாகரம் பக்கம் மூணு ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருக்கிறோம். எங்கள் ஆலம்பாடிப் பசு போட்ட காளைக்கன்றுக்கு இப்போது 14 மாதம். ஏருக்குப் பழக்குமுன் காயடிக்க வேண்டும் என்கிறார் மாமனார். பக்கத்து ஊரில் கிட்டி வைத்து அடிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரைத்தான் கூப்பிட வேண்டுமாம். ஆஸ்பத்திரி இடுக்கியில் நசுக்கினால் மாட்டுக்குக் கழுத்து ஏறாது என்கிறார். இது ஒன்று. இன்னொன்றைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், போதும் என்று முடிவு செய்துவிட்டோம். எனக்கு ரத்தம் குறைவு என்பதால், என் வீட்டுக்காரர் கருத்தடை செய்துகொள்ளலாமே என்று நர்ஸ் அக்கா சொன்னார். அவரும் சரி என்றார். கூட்டாளிகள் 'காயடிச்ச மாடா ஆகப்போறியா' என்று கேட்டதும் பின்வாங்கிவிட்டார். மாட்டுக்குச் செய்வதும் மனுசனுக்குச் செய்வதும் ஒன்றுதானா? மாட்டு டாக்டர் நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்."
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை, சகோதரி. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை. கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆண்கள், வேலை முடிந்து மற்றவர்கள் நகர்ந்த பிறகு, கயிற்றைச் சுருட்டியபடியே மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: இரண்டும் ஒன்று இல்லை. கிட்டக்கூட வராது. ஏன் என்று புரிய வேண்டுமானால், கன்றுக்கு என்ன செய்கிறோம் என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

கிட்டி வைத்து அடிப்பதை நான் எட்டு வயதில், தாத்தா வீட்டுக் களத்தில் பார்த்தேன். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து நாலு காலையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒருவர் கொம்பைத் தரையோடு அழுத்திக்கொண்டார். விதைப்பைக்கு மேலே, பிளந்த மூங்கிலை இரண்டு பக்கமும் கொடுத்து இறுக்கிக் கட்டி, அடியில் கட்டை வைத்து, மேலிருந்து இன்னொரு கட்டையால் அடித்தார் அந்தப் பெரியவர். மாடு கத்தவில்லை. கண் மேலே செருகிப் போனது, நாக்கு வெளியே தள்ளி மண்ணில் புரண்டது. அவிழ்த்துவிட்ட பிறகும் எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினார்கள். தோல் கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சில நாளில் புழு வைத்தது. தாத்தா ராத்திரியெல்லாம் லாந்தரோடு மாட்டுக்கொட்டாயில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. 'காயடித்தல்' என்ற சொல்லிலேயே அந்த அடி உட்கார்ந்திருக்கிறது. நான் மாட்டு டாக்டர் ஆனதற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம்.

உங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவரை நான் குறை சொல்லவில்லை. மயக்க மருந்தும் இடுக்கியும் எட்டாத காலத்தில் அவரைப் போன்றவர்கள்தான் ஊர் மாடுகளை ஏருக்கு ஆக்கித் தந்தார்கள். ஆனால் இன்று அரசு கால்நடை மருந்தகத்தில் முறையாகச் செய்ய வசதி இருக்கும்போது, மாட்டை அந்த வலிக்கு விடுவதற்கு நியாயம் கிடையாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம்கூட, மாட்டுக்குக் காயடிப்பதை விதிக்கப்பட்ட முறையில் செய்தால்தான் வதை இல்லை என்று விலக்கு தருகிறது.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். விதை ஒவ்வொன்றும் ஒரு கொடியில் தொங்குகிறது. விதைக்கொடி என்போம். விரலால் பிடித்தால் தோலுக்கு உள்ளே பென்சில் கனத்துக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தக் கொடிக்குள் ரத்தக்குழாய்கள் இருக்கின்றன, நரம்பு இருக்கிறது, விந்து போகும் மெல்லிய குழாய் ஒன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பெரிய இடுக்கிக்குப் பெயர் பர்டிசோ. அதைக் கண்டுபிடித்த இத்தாலிய மருத்துவரின் பெயர் அது. அதன் வாய் மழுங்கலானது. தோலை வெட்டாது, ஆனால் தோலுக்கு உள்ளே இருக்கும் கொடியை மொத்தமாக நசுக்கிவிடும். ரத்தம் போகும் வழி அடைபட்டதும் விதை பட்டினி கிடந்து சுருங்கத் தொடங்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தடவிப் பார்த்தால் சிறு கட்டியாகத்தான் கைக்குத் தட்டுப்படும். விதை போனதும் அங்கே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பும் போய்விடுகிறது. முட்டுகிற குணம், பசுவைக் கண்டால் அறுத்துக்கொண்டு ஓடுகிற வேகம் எல்லாம் அடங்குவது அதனால்தான்.

மாமனார் சொல்லும் கழுத்து விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. அனுபவம் பேசுகிறது, ஆனால் குற்றவாளியை மாற்றிப் பிடித்துவிட்டார். கழுத்துச் சதையும் திமிலும் ஏறுவது அந்த ஆண் சுரப்பால். இடுக்கியால் செய்தாலும் கிட்டியால் செய்தாலும், சுரப்பு நின்ற நாளோடு அந்த வளர்ச்சியும் நின்றுவிடும். அதனால் கருவி எது என்பதில் ஒன்றும் இல்லை, வயது என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறு மாதக் கன்றுக்குச் செய்தால் கழுத்து ஏறாது. கால் எலும்பு மட்டும் நீளும். எலும்பு நுனியில் இருக்கும் வளர்தகட்டை மூடச் சொல்வதும் அதே சுரப்புதான், அது இல்லாமல் போனால் தகடு தாமதமாக மூடும். ஏர் மாட்டுக்கு நான் சொல்வது ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள். நிலைப்பல் போடுவதற்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. அதற்கு மேல் போனால் கொடி தடித்துவிடும், மாட்டுக்கும் வேதனை அதிகம். உங்கள் கன்றுக்கு 14 மாதம்தான் ஆகிறது. இன்னும் நாலைந்து மாதம் பொறுக்கலாம்.

பொறுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது எனக்கு இதைவிட முக்கியம். ஆலம்பாடி நம் மண்ணின் மாடு. ஒகேனக்கல் காட்டோரத்து ஆலம்பாடிதான் அதற்குப் பெயர் கொடுத்த ஊர். காட்டில் பட்டி போட்டு வளர்த்த, கல்லுக்காட்டில் சளைக்காமல் ஏர் இழுத்த இனம். டிராக்டர் வந்த பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. சுத்தமான ஆலம்பாடிப் பொலிகாளை, அதாவது இனத்துக்கு விடும் காளை, கிடைப்பது இப்போது அரிது. உங்கள் கன்று கருஞ்சாம்பல் நிறத்தில், நெற்றியிலும் காலிலும் வெள்ளை விழுந்து, கொம்பு பின்னுக்குச் சாய்ந்து வளர்கிறது என்றால், காயடிக்கும் முன் காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பொலிகாளையாக வைக்கத் தகுந்தது என்று அவர்கள் சொன்னால், ஏருக்கு வேறு கன்று பார்த்துக்கொள்ளலாம். காயடித்த பின் மனசு மாறினால் திரும்பச் சேர்க்க வழியே இல்லை.

காயடிப்பதுதான் முடிவு என்றால், செய்கிற விதத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு கொடியையும் ஒரே நசுக்கில் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் பையின் ஓரத்துக்கு ஒதுக்கி, தனித்தனியாக, கொஞ்சம் மேலும் கீழுமாக நசுக்க வேண்டும். இரண்டு கோடும் நடுவில் சேர்ந்துவிட்டால் பைத் தோலுக்கே ரத்தம் போகாமல் அழுகிவிடும். முன்னதாகக் கொடியில் மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லுங்கள், தயங்காமல் கேளுங்கள். பிறகு வலிக்கு மெலாக்சிகாம் ஊசி. கடையில் டைக்ளோஃபினாக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாட்டின் உடம்பில் தங்கி, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது அந்த மருந்து. மாட்டுக்குப் பயன்படுத்த 2006-லேயே தடை போட்டுவிட்டார்கள். இரண்டு மூன்று நாள் வீக்கம் இருக்கும், அது இயல்பு. தோல் கறுத்துச் சில்லிட்டாலோ, நாற்றம் அடித்தாலோ, மாடு தாடை இறுகி விறைத்து நின்றாலோ அன்றைக்கே கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு போன் செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு நுகத்தடி வைக்காதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காளைக்கு இடது பக்கக் கொடி இடுக்கியின் வாயிலிருந்து வழுக்கிப் போனது எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் முடிந்தது என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வருஷம் அந்த வீட்டுக் கிடாரி சினையானது. அக்கா தம்பி உறவில் உண்டான கரு. அந்த வீட்டம்மா என்னைத் திட்டவில்லை, 'பார்த்துப் பண்ணும்மா' என்று மட்டும் சொன்னார். அன்று முதல் ஆறு வாரம் கழித்து நானே போய்த் தடவிப் பார்க்காமல் எந்த மாட்டையும் முடிந்தது என்று சொல்வதில்லை. நீங்களும் ஆறு வாரம் வரை அதைப் பசுக்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சரியாகச் செய்த மாட்டிலும் முன்பே குழாயில் தங்கிய விந்து சில வாரம் இருக்கும்.

இந்த மாடுகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் எனக்குப் பிடித்த விஷயம். படிப்புக் கணக்கில் காயடித்தது எருது, காயடிக்காதது காளை, இனத்துக்கு விடுவது பொலிகாளை. ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் தை மாதம் நடப்பது எருது விடும் விழா, அதில் காயடிக்காத காளைகளும் ஓடும். அங்கே எருது என்றால் மாட்டின் மிடுக்கைச் சொல்வது. ஓசூர், தளிப் பக்கம் போனால் கன்னடக்காரர், தெலுங்குக்காரர் இருவருமே ஏர் மாட்டை எத்து என்பது போலத்தான் காதில் விழும். காயடிக்காததைக் கன்னடத்தில் ஹோரி என்பார்கள், தெலுங்கில் பொலிகாளைக்கு ஆபோத்து. ஈழத்தில் காயடிப்பதை நலமடித்தல் என்கிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் ஒவ்வொரு பிராணிக்கும் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். காயடித்த ஏர் மாடு ஆக்ஸ், கறிக்கு வளர்ப்பது ஸ்டீர், செம்மறி வெதர், குதிரை கெல்டிங், பன்றி பாரோ, சேவல் கேப்பன். நமக்கு ஏர் மாட்டின் மேல் இருந்த கவனம் மற்றவற்றின் மேல் இல்லை போலும், கிடாவுக்கும் சேவலுக்கும் 'காயடிச்ச' என்று முன்னால் ஒட்டிக்கொள்வதோடு சரி. யானைக்கு இந்தப் பேச்சே எழாது. அதன் விதை வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஏற்றலாம் என்று குட்டிக்கிடாவுக்குக் காயடிக்கிறவர்கள் மூன்று மாத வயதுக்கு முன் செய்யாதீர்கள். சின்ன வயதில் செய்தால் மூத்திரக் குழாய் குறுகலாகவே நின்றுவிடும். தானியம் அதிகம் போட்டால் கல் அடைத்து, மூத்திரம் போக முடியாமல் முக்கி முக்கிச் செத்துப்போகும். தண்ணீரும் உப்பும் தாராளமாக வையுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். மனிதனுக்குக் காயடித்தல் என்று உண்மையிலேயே ஒன்று உலகத்தில் இருந்தது. 1311-இல் டெல்லியிலிருந்து படையோடு மதுரை வரை வந்த மாலிக் கபூர் அப்படி ஆக்கப்பட்டவர். சீன அரண்மனையில் அந்தப்புரக் காவலுக்கு இவர்களைத்தான் வைத்தார்கள், அவர்களில் கடைசி ஆளான சுன் யாவோதிங் 1996-இல்தான் இறந்தார். இத்தாலியில் தேவாலயத்தில் பாடுவதற்காகச் சிறுவர்களுக்குச் செய்தார்கள். குரல் உடையாமல் நின்றுவிடும் என்பதற்காக. அந்தப் பாடகர்களில் பலருக்குக் கை கால் நீண்டு வளர்ந்தது. கன்றின் கால் எலும்பு பற்றி மேலே சொன்னேனே, அதே காரணம். இன்றைக்கு ஒருவர் இன்னொருவருக்குப் பலவந்தமாக இதைச் செய்தால் சட்டம் அதைக் கொடுங்காயங்களின் பட்டியலில் முதலாவதாக வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் விதையை எடுப்பதும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய் ஆண் சுரப்பில் வளர்கிறது என்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. அது உயிர் காக்கும் சிகிச்சை. ஒரு திருநங்கை தன் விருப்பத்தோடு ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை அவருடைய வாழ்க்கை, அவருடைய முடிவு. இவர்களில் யாரையும் மாட்டுப் பெயர் சொல்லிக் கேலி செய்வதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

உங்கள் வீட்டுக்காரருக்குச் செய்யப்போவது இதில் எதுவுமே இல்லை. விதைக்கொடிக்குள் ரத்தக்குழாய், நரம்பு, விந்துக்குழாய் மூன்றும் இருக்கின்றன என்றேன். பர்டிசோ மூன்றையும் நசுக்குகிறது. ஆண் கருத்தடையில் டாக்டர் அந்த மூன்றாவதை மட்டும், மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளை வழியாக வெளியே எடுத்து, துண்டித்துக் கட்டிவிடுகிறார். ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். விதை அப்படியே இருக்கும். ஆண் சுரப்பு ரத்தத்தில் நேராகக் கலப்பது, அது விந்துக்குழாய் வழியாகப் போவதே இல்லை. உங்கள் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைக் கழற்றி எறிவது வேறு, ஒரு வயலுக்குப் போகும் பைப்பை மட்டும் மூடி போட்டு அடைப்பது வேறு.

இதற்கு எங்கள் தொழிலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பெரிய ஆட்டுப் பண்ணைகளில் எந்தப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கிடாவை மந்தையில் விடுவார்கள். அது பெட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் சினைப்படுத்தக் கூடாது. அந்தக் கிடாவுக்கு நாங்கள் காயடிப்பதில்லை. காயடித்தால் அது பெட்டைப் பக்கம் திரும்பியும் பார்க்காது. மனிதருக்குச் செய்வது போலவே விந்துக்குழாயை மட்டும் வெட்டிவிடுகிறோம். நான் செய்த ஒரு கிடா, தையல் ஆறிய பிறகு மந்தைக்குள் நுழைந்ததும் மேல் உதட்டைச் சுருட்டி மோப்பம் பிடித்தது, முன்காலால் தட்டியது, குரல் கொடுத்தது, இன்னொரு கிடாவோடு கொம்பு முட்டச் சண்டைக்குப் போனது. குறைந்தது ஒன்றே ஒன்றுதான், குட்டி பிறக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் ஆடு வளர்ப்பவர்களாக இருந்தால் இதை அவர்களிடமே சொல்லுங்கள்.

அவர்களுடைய பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள். பல மாநிலங்களில் ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் செய்தார்கள். கன்றைப் பிடிப்பது போல மனிதரைப் பிடித்தால், ஜனங்கள் அதற்குக் கன்றுக்குச் சொல்லும் பெயரைத்தானே வைப்பார்கள்? அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 37.9 பேர். கணவர் செய்துகொண்டது 0.3. வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவையை, ரத்தம் குறைந்த மனைவிமார் தலையில் கட்டிவிட்டு, கால் மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு ஆண்கள் பயந்து நிற்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்காரர் முதலில் சரி என்று சொன்னவர். அந்த மனசு பெரியது. அதை விட்டுவிடாதீர்கள்.

நான் மனித டாக்டர் இல்லை. அதனால் முடிவெடுக்குமுன் இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சை டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் மூட்டை தூக்காமல் இருப்பது, இவ்வளவுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். முன்பே குழாயில் தங்கிய விந்தணு போக மூன்று மாதம் ஆகும். மாட்டுக்கு ஆறு வாரம் என்றேனே, அதே கதை. மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்து, இல்லை என்று டாக்டர் சொல்லும் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, மனைவி கருவுற்றதும் அவள்மேல் சந்தேகப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும்.

கன்றுக்கு நாள் குறித்ததும், வெயில் ஏறுமுன் காலையில் மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். பிடிக்க உங்கள் வீட்டுக்காரரே வரட்டும். இடுக்கி வைக்குமுன், 'டாக்டர், ஒரு நிமிஷம் நானும் தடவிப் பார்க்கிறேன்' என்று கேட்கச் சொல்லுங்கள். எந்த டாக்டரும் மறுக்க மாட்டார். கொடியை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால், மெத்தென்ற ரத்தக்குழாய்களுக்கு நடுவில் நூல்கண்டு நூலைவிடச் சற்றுத் தடிப்பாக, விறைப்பாக ஒன்று நழுவும். அதுதான் விந்துக்குழாய். அவருக்கு வெட்டப்போவது அந்த ஒன்றைத்தான்.